ஒரு கண்ணுக்கு என்ன செலவு? மதுரைக் கண் மருத்துவமனையின் கணக்கு

ஆஸ்பத்திரிச் செலவு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது மருந்துச் சீட்டுத்தான். மருந்து விலை குறைந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் ஏழைக்கும் சிகிச்சை கிட்டும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பிழையன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. ஒரு மருத்துவமனையின் கணக்கேட்டைப் புரட்டினால், மருந்தைக் காட்டிலும் பெரிய பற்றுகள் வேறு இருக்கக் காண்போம். கட்டடம், கருவிகள், மின்சாரம், சம்பளம் ஆகிய இவை நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருப்பவை. பத்துப் பேருக்கு அறுவை செய்த நாளிலும் இச்செலவு உண்டு. ஐம்பது பேருக்குச் செய்த நாளிலும் ஏறக்குறைய அதே செலவுதான். ஆகவே தலைக்கு என்ன செலவு என்பது, அந்தக் கட்டடத்துக்குள் நேரம் எவ்வாறு கழிகிறது என்பதைப் பொறுத்ததாகின்றது.

இந்த உண்மையை மருத்துவ உலகின் காதில் போட்டவர்களுள் ஒருவர் மருத்துவர் அல்லர். செங்கல் அடுக்கும் கொத்து வேலையில் தம் தொழிலைத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர். ஒரு செங்கல்லைச் சுவரில் வைப்பதற்குக் கொத்தனார் செய்த பதினெட்டு அசைவுகளை ஐந்துக்குள் அடக்கிக் காட்டியவர் அவர். 1910களில் அவர் தம் சலனப்படக் கருவியுடன் அறுவைக் கூடங்களுக்குள் நுழைந்தார். அங்கே அவர் கண்டது வேடிக்கையான காட்சி. கைதேர்ந்த அறுவை மருத்துவர், நோயாளியின் உடலைத் திறந்து வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டிய கருவி தட்டில் எங்கே கிடக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தார்! கருவிகளை வரிசையாக அடுக்கி வைத்து, கேட்டவுடன் மருத்துவரின் உள்ளங்கையில் வைக்க ஒருவர் வேண்டும் என்று கில்பிரெத் சொன்னார். இன்று உலகெங்கும் அறுவைக் கூடங்களில் தாதியர் செய்யும் பணி அதுவே. அன்று அதை ஒரு கொத்தனார் சொல்லவேண்டி இருந்தது.

கருவியைத் தேடும் நேரம் இவ்வாறு மிச்சமாயிற்று. ஆனால் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் மருத்துவர் கை கட்டி நிற்கும் நேரம் மிச்சமாகவில்லை. அதையும் மிச்சப்படுத்தி, மிச்சப்பட்டதை ஏழைகளுக்கென ஒதுக்கிய ஒரு மருத்துவமனையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை என்பது அதன் பெயர்.

அதனைத் தோற்றுவித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1918 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944 இல் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைச் சிறுவயதில் கண்டவராதலின், மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்பதே அவர் விருப்பமாயிருந்தது. விதி வேறு விதமாய் அமைந்தது. இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது விரல்கள் கோணிப்போயிருந்தன. பிரசவம் பார்க்க அக்கைகள் உதவா என்றாகவே, கண் மருத்துவம் பயிலத் தொடங்கினார்.

கோணிய விரலால் கண்ணில் கத்தி வைப்பதா என்று யாரும் கேட்பர். தம் விரல்களுக்குப் பொருந்துமாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, விடாப்பிடியாகப் பழகி, அவர் அக்கலையில் தேர்ந்தார். தம் வாழ்நாளில் அவர் ஒருவரே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1956 முதல் மதுரை அரசினர் மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1973 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் எதிர்த்துப் போராடிய நோய் பெரும்பாலும் ஒன்றே, அது கண்புரை. முதுமையில் கண்ணின் வில்லை மங்கிப் பால் படிந்தாற்போல் ஆவதுதான் புரை. இதற்கு மருந்தில்லை, அறுவை ஒன்றே வழி. அந்த அறுவையோ பெரும்பாலும் வெற்றி தருவது, சில நிமிடங்களில் முடியக்கூடியது. ஆகவே புரையால் குருடாகிக் கிடப்பவர், தீராத நோயால் கிடப்பவர் அல்லர். முறை வராமையால் கிடப்பவர். அவரைப் போன்றோர் இலட்சக்கணக்கில் இருக்க, அறுவை செய்யும் மருத்துவர்கள் சில ஆயிரவரே இருந்தனர். இந்திய அரசு தேசியக் குருட்டுத் தடுப்புத் திட்டத்தை வகுத்ததும் 1976 ஆம் ஆண்டில்தான்.

1960களில் டாக்டர் வெங்கடசாமியும் அவர்தம் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினர். பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி, வகுப்பறையே அறுவைக் கூடம். சிகிச்சை பெற்றோர் தரையில் வரிசையாகப் படுத்திருப்பர். ஒரே நாளில் பல பேருக்கு அறுவை செய்ய முடியும் என்ற பாடத்தை அவர்கள் கற்றது அந்த வகுப்பறைகளில்தான். இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் மேலாண்மை அறிஞர்கள் வந்து வியந்து பார்த்த முறைகளுக்கு வேர், எந்த வாணிகக் கல்லூரியிலும் இல்லை. வரிசையில் காத்திருக்கும் கிழவர் கிழவியரின் கூட்டமே அவற்றுக்கு ஆசான்.

1976 இல் அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் தம் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் ஈடுபாடு கொண்டவராதலின் அவர் பெயரையே அதற்கு இட்டார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடனிருந்து உழைத்தனர். தம்பி சீனிவாசன் கட்டட வேலைகளையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். கையிருப்பு இல்லை. வீடு அடமானத்திற்குப் போயிற்று. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. கட்டணம் செலுத்துவோரும் வருவர், செலுத்த இயலாதோரும் வருவர். முதலாமவரிடம் வரும் தொகையைக் கொண்டே இரண்டாமவரின் செலவை ஈடுகட்ட வேண்டும். இதுதான் தொடக்கம் முதலே அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. நன்கொடையை நம்பி அன்றாடச் செலவை நடத்துவதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார்கள்.

இவ்விதி சொல்வதற்கு எளிது. கட்டணத்தை உயர்த்திவிட்டால் பணக்காரர் வேறிடம் செல்வார்; உயர்த்தாவிட்டால் ஏழையின் செலவுக்கு எங்கே போவது? கட்டணத்தையும் உயர்த்தாமல், ஏழையையும் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டுமானால், ஓர் அறுவைக்கு ஆகும் செலவையே குறைத்தாக வேண்டும். ஆகவே சிக்கனம் என்பது அங்கு விருப்பத்தால் வந்ததன்று. கழுத்தைப் பிடித்த தேவையால் வந்தது.

இனி அவர்களுடைய அறுவைக் கூடத்துக்குள் செல்வோம்.

நம் கல்யாண வீடுகளில் பந்தி நடப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு கூடத்தில் முதற்பந்தி உண்டுகொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கூடத்தில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிடும். முதற்பந்தி எழுந்தவுடன் பரிமாறுவோர் அடுத்த கூடத்திற்குத் திரும்புவர். சோற்று வாளி கீழே வைக்கப்படுவதே இல்லை. மதுரைக் கண் மருத்துவமனையின் முறையும் இதுவே. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்க, மறு மேசையில் அடுத்த நோயாளி படுக்க வைக்கப்பட்டு, கண் துடைக்கப்பட்டு, துணி போர்த்தப்பட்டு, எல்லாம் ஆயத்தமாய் இருக்கும். ஓர் அறுவை முடிந்தவுடன் மருத்துவர் எழுந்து வெளியே செல்வதில்லை. இருந்த இடத்திலிருந்தே திரும்புவார். பெரிதுபடுத்திக் காட்டும் கருவியும் உடன் திரும்பும். கருவித் தட்டுகள் பல உள்ளமையால், ஒன்று கிருமி நீக்கத்திற்குப் போயிருக்கும்போது மற்றொன்று கைக்கு வரும். இவ்வாறு ஒருவர் மணிக்கு ஆறு முதல் எட்டு அறுவைகள் வரை செய்ய முடிந்தது. இந்தியாவில் சராசரிக் கண் மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ நானூறு அறுவைகள் செய்த காலத்தில், இங்கே ஒருவர் இரண்டாயிரம் வரை செய்தார்.

அவசரம் அவசரமாகக் கண்ணை அறுக்கிறார்களோ என்று அஞ்ச வேண்டா. கண்ணில் கத்தி இருக்கும் நேரம் குறைக்கப்படவில்லை. கத்தி சும்மா இருக்கும் நேரமே குறைக்கப்பட்டது.

இதே நோக்கத்துடன் சோவியத் நாட்டில் வேறொரு முறையைக் கையாண்டவர் ஸ்வியாத்தொஸ்லாவ் ஃபியோதரொவ். 1980களில் மாஸ்கோவிலிருந்த அவர் நிலையத்தில் நோயாளிகள் நகரும் கட்டில்களில் படுத்தபடி ஒரு மருத்துவரிடமிருந்து அடுத்தவரிடம் சென்றனர். ஒருவர் திறப்பார், ஒருவர் எடுப்பார், ஒருவர் மூடுவார்; தொழிற்சாலையில் மோட்டார் வண்டி பூட்டுவது போன்றது அது. அம்முறையினும் மதுரை முறையே மேலென்பது என் கருத்து. மதுரையில் ஒரு நோயாளியின் கண்ணுக்கு முதலிலிருந்து முடிவு வரை ஒரு மருத்துவரே பொறுப்பு. வேலை பகுக்கப்பட்டது மருத்துவருக்கும் மருத்துவருக்கும் இடையில் அன்று. மருத்துவருக்கும் தாதிக்கும் இடையில்.

அத்தாதியர் யார் என்பதே இவ்வரலாற்றில் முக்கியமான பகுதி. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி அளித்தனர். இப்பணியை முன்னின்று உருவாக்கியவர் டாக்டர் நாச்சியார். பார்வை அளத்தல், கண்ணழுத்தம் பார்த்தல், மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுத்தல், நோயாளியை ஆயத்தப்படுத்தல், அறுவைக்குப் பின் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று எடுத்துரைத்தல் ஆகிய அனைத்தும் இவர்கள் கையில். நோயாளி மருத்துவர் முன் வந்து அமரும்போது சோதனைகள் முடிந்திருக்கும். மருத்துவர் முடிவு ஒன்றுதான் சொல்ல வேண்டும். நிலையத்தின் ஊழியரில் பெரும்பகுதியினர் இப்பெண்களே.

நம் நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மலாயாத் தோட்டங்களில் பெரிய டாக்டர் என்பவர் குறித்த நாளில் காரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர். மற்ற நாள்களில் ஆஸ்பத்திரியைத் தாங்கியவர் டிரெஸ்ஸரே. காயத்துக்குக் கட்டுப் போட்டதும், காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுத்ததும் அவர்தாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்து டிரெஸ்ஸர் டாக்டர் இல்லாத குறையை நிரப்பினார். மதுரைப் பெண்களோ, டாக்டர் இருக்கும்போதே அவர் நேரம் வீணாகாமல் காக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி நமக்கு எழாமலில்லை. மருத்துவரின் நேரம் விலை உயர்ந்தது, ஆகவே அதை மிச்சப்படுத்த வேண்டும் என்றால், இப்பெண்களின் நேரம் விலை குறைந்தது என்பதுதானே அதன் மறுபக்கம்? சிக்கனத்தின் சுமையில் ஒரு பங்கை இவர்கள் தோள் தாங்குகிறது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. சிற்றூரில் பள்ளிப் படிப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்ணுக்குத் தொழிலும், சம்பளமும், ஊரில் ஒரு மதிப்பும் கிட்டின. கற்ற தொழில் வேறிடத்திலும் சோறு போடும். இரண்டையும் எடைபோட்டு முடிவு சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும், இம்மருத்துவமனையைப் புகழ்ந்து எழுதுவோர் பலரும் மருத்துவர் பெயரோடு நின்றுவிடுவது குறையே.

இனி நோயாளியின் வாயிலுக்கு வருவோம். இலவசப் பிரிவு ஒன்று, கட்டணப் பிரிவு ஒன்று என இரண்டு வழிகள். எந்த வழியே நுழைவது என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. ‘நீ ஏழைதானா’ என்று விசாரிப்பதில்லை. வசதியுள்ளவர் இலவச வழியே நுழைந்துவிட மாட்டாரா? சிலர் நுழையலாம். ஆனால் இலவசப் பிரிவில் நெடுங்காலம் பாயும் தரையுமே படுக்கை. கட்டணப் பிரிவில் கட்டிலும் தனி அறையும் உண்டு. வசதி வேண்டுவோர் தாமே அங்குப் போய்ச் சேர்வர். அறுவை செய்யும் மருத்துவர்களோ இரு பிரிவுக்கும் பொதுவானவர்கள். முறை மாற்றி இங்கும் அங்கும் பணிபுரிகின்றனர். கட்டணம் செலுத்துபவர் அறைக்குத்தான் கூடுதலாகச் செலுத்துகிறாரேயன்றி, கைத்திறனுக்கு அன்று. சான்று கேட்டுச் சரிபார்க்க ஓர் அலுவலகமும் அதற்கொரு சிப்பந்திப் படையும் வேண்டியதில்லை என்பது இம்முறையில் கிடைத்த தனி மிச்சம். நிலையத்தின் வரலாற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் அறுவை பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பெற்றனர். இருந்தும் ஆண்டுக் கணக்கில் மிச்சம் நின்றது. அம்மிச்சமே தேனி, திருநெல்வேலி, கோயமுத்தூர், புதுச்சேரி எனக் கிளைகளாக வளர்ந்தது.

டாக்டர் வெங்கடசாமி அமெரிக்கா சென்றிருந்தபோது அவர் மனத்தை ஈர்த்தவற்றுள் மெக்டோனல்ட்ஸ் உணவுக் கடையும் ஒன்று. சிங்கப்பூருக்கு 1979 இலும் மலேசியாவுக்கு 1982 இலும் வந்து சேர்ந்த அதே கடைதான். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே சுவை, ஒரே அளவு, ஒரே தரம். சாதாரண இளைஞர்களைப் பழக்கியே இதைச் செய்ய முடிகிறதென்றால், கண்ணொளியை மட்டும் ஏன் அவ்வாறு வழங்க முடியாது என்று அவர் கேட்டார். இறைச்சி ரொட்டியையும் மனிதக் கண்ணையும் ஒப்பிடுவதாவது என்று முகம் சுளித்தோரும் உண்டு. ஆனால் அவர் பார்த்தது ரொட்டியை அன்று, அதற்குப் பின்னால் இருந்த ஒழுங்கை.

மருத்துவரின் நேரமும் மிச்சமாயிற்று, மேசையும் சும்மா இருக்கவில்லை. அப்போது எதிர்பாராத திசையிலிருந்து ஒரு செலவு வந்தது. அதன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பழைய முறை அறுவையில் மங்கிய வில்லையை எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடி தருவார்கள். நம் பாட்டன்மார் சிலர், கண்கள் பெரிதாகித் தெரியும் தடிக்கண்ணாடி அணிந்திருந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அவர் மீண்டும் பார்வையற்றவர் போலவே ஆகிவிடுவார். வயலில் குனிந்து நிமிரும் உழவருக்கு அது எத்தனை நாள் தாங்கும்? அறுவை வெற்றி என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்; கிழவரோ திண்ணையில் கோலோடு உட்கார்ந்திருப்பார்.

இதற்கு மாற்று முன்னமே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுள் தெறித்த கண்ணாடியனைய பிளாஸ்டிக் சிதறல்கள் கண்ணைப் புண்ணாக்காமல் அப்படியே கிடந்ததைக் கவனித்த ஆங்கில மருத்துவர் ஹாரல்ட் ரிட்லி, அதே வகைப் பொருளால் ஒரு வில்லை செய்து, 1949 நவம்பரில் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுள் வைத்தார். பல்லாண்டு ஐயங்களுக்கும் எதிர்ப்புகளுக்கும் பின் அம்முறை 1980களில் மேலை நாடுகளில் வழக்கமாயிற்று. தடிக்கண்ணாடிக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆனால் அவ்வில்லையின் விலை நூறு அமெரிக்க டாலரை ஒட்டி இருந்தது. ஓர் அறுவைக்கு ஆகும் மற்றெல்லாச் செலவையும் சேர்த்தாலும் எட்டாத தொகை அது! பணமுள்ளவருக்கு வில்லை, ஏழைக்குத் தடிக்கண்ணாடி என்று இரு தரம் ஏற்பட்டுவிடும் நிலை.

நன்கொடையாக வில்லைகள் கேட்டு வாங்கினார்கள். அது எத்தனை பேருக்குப் போதும்? முடிவில், சேவா என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் துணையோடும், டேவிட் கிரீன் என்பாரின் முயற்சியோடும், 1992 இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி வில்லைகளைத் தாமே செய்யத் தொடங்கினர். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதிலும் பாதியாயிற்று. ஆஸ்பத்திரிக்காரர் தொழிற்சாலை நடத்துவதா என்று வல்லுநர் பலர் தலையசைத்தனர். அவ்வில்லைகள் பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இதனை மறக்கலாகாது. வீட்டுக்குள் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும், சந்தையில் ஒருவன் சொல்லும் விலையை இறக்க முடியாவிட்டால் குடித்தனம் நடவாது.

எல்லாம் சரி, மலிவான சிகிச்சை நல்ல சிகிச்சைதானா? ஒரே அறையில் ஒருவருக்கு மேற்பட்டோரைப் படுக்க வைப்பதையும், மேலங்கி முதலியவற்றை ஒவ்வொருவருக்கும் மாற்றாமல் பயன்படுத்துவதையும் மேலை நாட்டு விதிகள் ஒப்பா. கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடும். ஆகவே அச்சம் நியாயமானது. இதற்கு வாதத்தால் அன்றி எண்ணிக்கையால்தான் விடை கூற இயலும். 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நிலையத்தில் நடந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகளைக் கணக்கெடுத்தது. கிருமித் தொற்று முதலிலேயே பதினாயிரத்துக்கு ஏழு என்னும் அளவில்தான் இருந்தது; அறுவை முடிவில் கண்ணுக்குள் ஒரு மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்தபின் அது பதினாயிரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. மேலை நாடுகளின் நல்ல மருத்துவமனைகளும் இவ்வெண்ணைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லையே தவிர, ஏளனம் செய்ய இடமில்லை.

அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு இன்னும் வியப்புத் தருவது. நவீன முறையில் ஒரு புரை அறுவைக்கு இங்குச் சேரும் குப்பை 250 கிராம்; காற்றில் கலக்கும் கரி வாயுவின் அளவு ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவையால் கலப்பதில் இஃது இருபதில் ஒரு பங்கு. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்களைத் தவிர்த்ததால் வந்தது இது. ஏழைமையால் கற்றுக்கொண்ட வழக்கம், பின்னர் செல்வ நாடுகள் உலக வெப்பத்தைக் குறைக்கப் படிக்க வந்த பாடமாயிற்று.

இம்முறை எல்லா நோய்க்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். புரை ஒரே வகை நோய். அறுவையும் ஒரே வகை. நாளும் நேரமும் குறித்துச் செய்யக் கூடியது. காய்ச்சல் வார்டிலோ, விபத்துப் பிரிவிலோ அடுத்த மேசையில் யார் வருவார் என்று யாருக்குத் தெரியும்? கிருமி நீக்கமும், கருவி அடுக்கும் முறையும், மருத்துவரல்லாதார்க்கு வேலை பகிர்வதும் எங்கும் உதவும். மணிக்கு எட்டு என்னும் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எல்லா வார்டிலும் மாட்டுவோர் நோயாளிக்குத் தீங்கே செய்வர்.

இதுவரை சொன்னதெல்லாம் மருத்துவமனைச் சுவருக்குள் நடந்த கணக்கு. சுவருக்கு வெளியே வேறொரு கணக்கு இருந்தது.

முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை வேண்டுவோரைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்து வருவதென முறையை மாற்றியிருந்தார்கள். சிகிச்சை இலவசம். இருந்தும் பலர் வரவில்லை. ஏன்? 1991 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. அறுவை இலவசம் என்பது மட்டும் போதவில்லை. போக்குவரத்தும் உணவும் சேர்த்து ஏற்றுக்கொண்டபோது இசைந்தோர் தொகை கூடிற்று. முன்பு பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று ‘எனக்குத் தெரிகிறதே, பார்’ என்று சொன்னதும் பயன் தந்தது.

எண்ணிப் பார்த்தால் இதில் புதிர் இல்லை. பார்வையற்ற மூதாட்டி தனியே வர முடியாது. மகனோ மருமகளோ உடன் வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போயிற்று. வீட்டில் ஆட்டுக்குட்டியைப் பார்க்க ஆளில்லை. இத்தனையும் செலவே, ஆனால் எந்த மருத்துவமனையின் ஏட்டிலும் ஏறாத செலவு. தான் தலைக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்ததாக ஆஸ்பத்திரி மகிழும்போது, நோயாளி பத்து ரூபாயைப் பேருந்துக்குக் கொடுத்திருப்பார். நம் ஊர்களிலும் ஒரு மருந்துச் சீட்டுக்காக அரை நாள் சம்பளத்தை இழந்து நிற்போர் இல்லையா? அவர்கள் நிற்கும் நேரத்துக்கு யார் கணக்கெழுதுகிறார்கள்?

1999 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நெஞ்சைச் சுட்டது. மதுரைப் பகுதிச் சிற்றூர்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்ததில், கண்ணில் குறை இருந்தும் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. அச்சம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று வராதவர்கள் காரணம் சொன்னார்கள். இந்தியாவிலேயே திறமை மிக்கதெனப் பெயர் வாங்கிய கண் மருத்துவமனையின் காலடியில் இந்த நிலை! அந்நிலையத்தார் இவ்வாய்வை மறைக்கவில்லை. ஆய்வில் அவர்களுள் ஒருவரும் பங்கு கொண்டிருந்தார். பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் தம் குறையைத் தாமே அளந்து அச்சேற்றியது, நூறு விருதுகளைவிட மேலான செயல் என்று நான் கருதுகிறேன்.

2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. கடைத்தெருவில் ஓரிரு அறைகள்; பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்துப் படமெடுக்கிறார்; தொலைவில் மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கம்பியில்லாத் தொடர்பை நெடுந்தொலைவுக்கு நீட்டும் வழியை அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் தேனிப் பக்கத்தில் அமைத்துக் கொடுத்தனர். மையங்களின் தொகை பிற்காலத்தில் நூறைத் தாண்டியது. முகாம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும். மையமோ நாள்தோறும் திறந்திருக்கும்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். பதினொரு படுக்கைகளில் தொடங்கிய நிலையம் 2010களின் இறுதியில் ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்துவந்தது. பார்வை மையங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மதுரைக்கோ தேனிக்கோ பயணப்படத் தேவையே நேரவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு, மாடு கறக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பினார்கள்.